வரைபடம் யார் கையில்? தங்கவயலும் கடைசி வருட பிராஜெக்டும்

பிள்ளையை என்ஜினீயரிங் படிக்க வைத்திருக்கும் எந்த வீட்டிலும், நான்காம் வருடம் வந்துவிட்டால் ஒரு சொல் ஓயாமல் காதில் விழும். "பிராஜெக்ட் வேலை இருக்கும்மா, வர ராத்திரி ஆயிடும்" என்பான் மகன். "பிராஜெக்டுக்குப் பணம் கட்டணும்பா" என்பாள் மகள். அது என்ன, எதற்கு, அதற்குத் தனியாகப் பணம் ஏன் என்று விசாரிக்கும் பெற்றோர் குறைவு. மார்க் வந்தால் சரி, வேலை கிடைத்தால் சரி என்று விட்டுவிடுகிறோம்.

மூன்று ஆண்டுகளுக்கு மேல் தனித்தனிப் பாடங்களாகப் படித்ததையெல்லாம் ஒன்றுசேர்த்து, மூன்று நான்கு மாணவர்கள் குழுவாக உட்கார்ந்து, ஒரு கருவியையோ கணினி நிரலையோ கட்டுமானத்தையோ தாங்களே திட்டமிட வேண்டும். அதை வரைந்து, செய்து, ஓட்டிக் காட்டி, வெளியிலிருந்து வரும் தேர்வாளரின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். இதுதான் கடைசி வருடத் திட்டப்பணி. அமெரிக்கக் கல்லூரிகளில் இதைக் 'கேப்ஸ்டோன்' என்பார்கள். கட்டடத்தின் உச்சியில் கடைசியாக ஏற்றும் கல் என்று பொருள். கோபுரத்துக்குக் கலசம் வைப்பது என்று நாம் சொல்வதற்கு நிகரானது.

இந்தக் கலசத்தின் கதையைக் கோலார் தங்கவயலில் நின்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஏன் தங்கவயல் என்று கேட்கலாம். நூற்றிருபது ஆண்டுகள், உலகத்தின் மிகக் கடினமான பொறியியல் வேலைகளில் சிலவற்றைத் தமிழர்கள் தம் கையால் செய்த ஊர் அது. ஆனால் அந்த வேலைகளுக்கான வரைபடம் அவர்கள் கையில் இருந்ததில்லை. அது தொழிலாளி வீட்டுப் பேரன் பேத்திகளின் கைக்கு வந்து சேர்ந்த வழிகளில் ஒன்று இந்த பிராஜெக்ட். வந்ததை நாம் பிடித்துக்கொண்டோமா, நழுவ விடுகிறோமா என்பதுதான் கேள்வி.

கை நம்முடையது, கணக்கு அவர்களுடையது

தங்கவயல் பகுதியில் பொன் இருப்பதை 1802-ல் லெப்டினன்ட் ஜான் வாரன் பார்த்து எழுதினார். 1870களில் மைக்கேல் லாவெல் என்ற அயர்லாந்துக்காரர் மைசூர் அரசிடம் உரிமம் பெற்றுத் தோண்டத் தொடங்கினார். 1880-ல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் வந்த பிறகே சுரங்கம் பெருந்தொழிலானது. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகாம், நந்திதுர்க்கம் என்று சுரங்கங்கள் வளர்ந்தன. வட ஆற்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து வறுமைக்கும் சாதிக் கொடுமைக்கும் தப்பி வந்த குடும்பங்கள் தட்டி வீடுகளில் குடியேறின. அவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சமூகத்தார்.

அங்கே அடுக்குமுறை தெளிவாக இருந்தது. மானேஜரும் என்ஜினீயரும் ஐரோப்பியர். நடுவில் கங்காணம் பார்த்தவர்களில் பலர் ஆங்கிலோ இந்தியர். பூமிக்கடியில் பாறையைத் துளைத்து, மரம் முட்டுக் கொடுத்து, தாது அள்ளியவர்கள் தமிழர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியசைத் தாண்டும். எங்கே துளை போட்டால் பாறை வெடிக்காது, எந்தச் சத்தம் கேட்டால் விலகி ஓட வேண்டும் என்பதெல்லாம் தொழிலாளிக்குத் தெரியும். ஆனால் அந்த அறிவு தாளில் ஏறவில்லை. தாளில் இருந்தது வேறொருவர் போட்ட கணக்கு.

1902-ஆம் ஆண்டின் சாதனையை எடுத்துக்கொள்ளுங்கள். சிவசமுத்திரத்தில் காவிரி விழும் வேகத்தில் மின்சாரம் எடுத்து, சுமார் 147 கிலோமீட்டர் தூரம் கம்பியில் கொண்டுவந்து தங்கவயல் இயந்திரங்களை ஓட்டினார்கள். அந்நாளில் உலகத்தின் மிக நீண்ட மின்தடங்களில் ஒன்று அது. பெங்களூர்த் தெருவில் மின்விளக்கு எரிந்தது அதற்குப் பிறகு, 1905-ல்தான். திட்டம் போட்டவர் ராணுவப் பொறியாளர் ஜோலி டி லோட்பினியேர். அரசுப் பக்கத்தில் அதற்குத் தோள் கொடுத்தவர் திவான் சேஷாத்ரி ஐயர். மின்கருவிகள் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்திலிருந்து வந்தன. யானையும் மாட்டு வண்டியும் கட்டி அவற்றை இழுத்தவர்கள், கம்பம் நட்டவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

கம்பெனி தொழிலாளியிடம் கேட்டது கைரேகையை. 1930 ஏப்ரலில் கைரேகை வைத்துப் பதிவு செய்துகொள்ளச் சொன்ன ஏற்பாட்டை எதிர்த்துத் தங்கவயல் தொழிலாளர்கள் மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். எங்களைக் குற்றவாளிகளைப் போல நடத்தாதே என்பதே அதன் சாரம். கைரேகை கேட்கப்பட்டவனின் வாரிசு, வரைபடத்தின் மூலையில் 'வடிவமைத்தவர்' என்று கையெழுத்துப் போடுவது எவ்வளவு தூரப் பயணம் என்பதை இதை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

படிப்பு வந்த பாதை

அந்தப் பயணம் கல்லூரியில் தொடங்கவில்லை. அயோத்திதாசப் பண்டிதர் வழியில் 1907-லேயே மாரிகுப்பத்தில் பௌத்த சங்கக் கிளை ஏற்பட்டது. பண்டிதரின் 'தமிழன்' இதழ், அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின், 1926 முதல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிவந்தது. மணிக்கணக்கில் மண்ணுக்குள் இருந்துவிட்டு வந்தவர்களின் ஊரில் பத்திரிகையும் அச்சகமும் நடந்தன என்பது சின்ன விஷயமில்லை. படிப்பு ஒன்றுதான் லைன் வீட்டிலிருந்து வெளியே போகும் வழி என்ற எண்ணம் அப்போதே ஊன்றிவிட்டது.

என்றாலும் என்ஜினீயரிங் எட்டாத தூரத்தில் இருந்தது. சென்னையில் 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டிக் கல்லூரி ஒரு பக்கம். 1917-ல் விசுவேசுவரய்யாவின் முயற்சியால் எழுந்த பெங்களூர்ப் பொறியியல் கல்லூரி மறுபக்கம். இரண்டுக்கும் நடுவில் இருந்த தங்கவயல் பிள்ளைக்கு, அப்பா வேலை செய்த ஷாப்ட்டிலேயே வேலை காத்திருந்தது.

இதற்கிடையில் உலக அறிவியலே தங்கவயலைத் தேடி வந்தது. 1965-ல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் மூன்றும் சேர்ந்து, சாம்பியன் ரீஃபின் ஹீத்கோட் ஷாப்ட் வழியே சென்று, 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை வைத்தன. காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ என்ற நுண்துகளின் தடம் அங்கே பதிவானது. தென்னாப்பிரிக்கச் சுரங்கமொன்றில் நடந்த ஆய்வும் அதே ஆண்டில் அதே செய்தியைச் சொன்னது. உலகத்தில் இவைதான் முதல். எம்.ஜி.கே. மேனன், பி.வி. ஸ்ரீகண்டன் முதலியோர் பெயர் ஆய்வுக் கட்டுரையில் இருக்கிறது. கருவிகளைக் கேஜில் இறக்கி, பாறைக்குள் அறை அமைத்துக் கொடுத்தது சுரங்கத் தொழிலாளர்களின் கை.

பிராஜெக்ட் என்ற ஏற்பாடு எப்படி வந்தது?

பழைய பொறியியல் கல்வி பட்டறையிலும் களத்திலும் நடந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் அது மாறியது. 1955-ல் வந்த கிரின்டர் அறிக்கை, பொறியியல் மாணவனுக்குக் கணிதமும் அறிவியலும் ஆழமாக வேண்டும் என்றது. பாடம் ஆழமானது சரிதான். ஆனால் பட்டறையும் வடிவமைப்பும் மெலிந்தன. சமன்பாடு போடத் தெரிந்த பையனுக்கு ஒரு சாமானைச் செய்யத் தெரியவில்லை என்று தொழிற்சாலைகள் குறைப்பட்டன. அதற்கு மருந்தாக வந்ததே கடைசி வருட வடிவமைப்புப் பணி. 1963-ல் கலிபோர்னியாவின் ஹார்வி மட் கல்லூரி 'கிளினிக்' என்ற பெயரில் ஒரு முறையைத் தொடங்கியது. மருத்துவ மாணவன் நிஜ நோயாளியைப் பார்த்துக் கற்பதுபோல், பொறியியல் மாணவன் நிஜமான ஒரு நிறுவனத்தின் நிஜமான சிக்கலை எடுத்துத் தீர்க்க வேண்டும்.

நம்மிடமும் இதற்கு ஒரு முன்னோடிக் கதை உண்டு. சி. ராஜம் 1949-ல் குரோம்பேட்டையில் நிறுவிய எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்த அப்துல் கலாம், நான்கு நண்பர்களோடு சேர்ந்து தாழ்வாகப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றை வடிவமைக்கும் பணியை ஏற்றார். காற்றியக்க வடிவமைப்பு அவர் பங்கு. வேலை மெத்தனமாக இருப்பதைக் கண்ட இயக்குநர் பேராசிரியர் சீனிவாசன், ஒரு மாத அவகாசம் கேட்ட கலாமுக்கு மூன்றே நாள் கொடுத்தார். திங்கட்கிழமைக்குள் வரைபடம் வராவிட்டால் உதவித்தொகை நிற்கும் என்றார். கலாம் இரவு பகலாக வரைபலகையை விட்டு நகராமல் முடித்துக் கொடுத்தார். இதை அவரே தம் தன்வரலாற்றில் சொல்லியிருக்கிறார். அதே எம்.ஐ.டி.யின் தமிழ்ச் சங்கம் நடத்திய போட்டியில், நம் விமானத்தை நாமே செய்வோம் என்று தமிழில் கட்டுரை எழுதி அவர் முதல் பரிசும் வாங்கினார். படிப்பு முடிந்து அவர் பயிற்சிக்கு வந்த இடம் பெங்களூர் எச்.ஏ.எல். தமிழில் யோசித்தவர் வரைபலகையிலும் ஜெயித்தார் என்பதை நம் சங்கங்கள் நினைவில் வைக்க வேண்டும்.

கர்நாடகத்தில் இதற்கு ஓர் அமைப்பே உருவானது. 1975-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழக வளாகத்தில் கர்நாடக மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் தோன்றியது. 1977 முதல் அது மாணவர் திட்டப்பணி நிகழ்ச்சியை நடத்தி வருகிறது. மாநிலத்தின் பொறியியல் கல்லூரிகளிலிருந்து கடைசி வருட மாணவர்கள் தங்கள் யோசனையை எழுதி அனுப்பலாம். நிபுணர்கள் பார்த்துத் தேர்ந்தெடுத்தவற்றுக்கு ஒரு தொகை உதவியாகக் கிடைக்கும். முடிவில் கருத்தரங்கும் கண்காட்சியும் உண்டு. பணம் பெரிதில்லை. உன் யோசனையை யாரோ ஒருவர் உட்கார்ந்து படித்தார் என்பதே சிற்றூர்க் கல்லூரி மாணவனுக்குப் பெரிய தெம்பு.

2014-ல் இந்தியா 'வாஷிங்டன் உடன்படிக்கை'யில் முழு உறுப்பினரானது. பொறியியல் பட்டங்களின் தரத்தை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு அது. மாணவன் என்ன படித்தான் என்பதைவிட, படித்ததை வைத்து என்ன செய்ய முடிகிறது என்று பார்க்கும் முறை இதனால் அழுத்தம் பெற்றது. அதைக் காட்டும் முதல் சான்று பிராஜெக்ட்தான்.

ஊரிகாமில் ஒரு கல்லூரி

1986-ல் தங்கவயலின் ஊரிகாமில் கோல்டன் வேலி தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கியது. இப்போது அது டாக்டர் டி. திம்மையா தொழில்நுட்பக் கல்லூரி என்ற பெயரில், விசுவேசுவரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கீழ் நடக்கிறது. சுரங்கப் பொறியியல் கற்றுத் தரும் கல்லூரிகள் நாட்டில் அதிகமில்லை. சுரங்கத்து வாசலிலேயே அப்படி ஒன்று அமைந்தது தற்செயலல்ல. 1988-ல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனமும் தங்கவயலில் பிறந்தது. பாறை வெடிப்பில் ஆட்களைப் பறிகொடுத்த ஊர், பாறை ஏன் வெடிக்கிறது என்று ஆராயும் இடமானது. தகப்பன் கேஜில் இறங்க, மகன் அதே சாலையில் கல்லூரிக்கு நடந்தான். சொல்லப்போனால் தங்கவயலில் வரைபடம் கைமாறிய காலம் இதுதான்.

ஆனால் காலம் நெருக்கியது. 1956-ல் மைசூர் அரசின் கைக்கும் பிறகு மத்திய அரசின் கைக்கும் போய், 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் ஆன சுரங்கம், 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. மூவாயிரத்துக்கும் அதிகமானவர்கள் வேலை இழந்தார்கள். சங்கு ஊதி விடிந்த ஊர், ரயில் நேரத்துக்கு விடிய ஆரம்பித்தது. மாரிகுப்பத்திலிருந்து சாம்பியன், ஊரிகாம், கோரமண்டல், பங்காரப்பேட்டை வழியாகப் பெங்களூருக்கு தினம் ஆயிரக்கணக்கானோர் போய் வருகிறார்கள். பிள்ளைகளின் விருப்பமும் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பியது. அதில் தப்பொன்றுமில்லை. அப்பா பட்ட பாட்டைப் பார்த்தவன் ஏ.சி. அறையில் உட்கார ஆசைப்படுவது நியாயம்தானே.

விலைக்கு வாங்கும் கலசம்

வருத்தம் வேறிடத்தில். பெங்களூரில் பல இடங்களில் 'பிராஜெக்ட் சென்டர்' என்று போர்டு தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். சென்னையிலும் கோவையிலும் உண்டு. பட்டியலைக் காட்டுவார்கள். முகம் பார்த்து வருகை பதியும் மென்பொருள், கோடு பார்த்து ஓடும் சின்ன ரோபோ, குரலுக்கு நகரும் சக்கர நாற்காலி. ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டினால் கருவி, நிரல், பைண்டு செய்த அறிக்கை, தேர்வாளர் கேட்கக்கூடிய கேள்விக்குப் பதில் எல்லாம் சேர்த்துக் கொடுப்பார்கள். எல்லாக் கடையும் இப்படி அல்ல. உண்மையாகச் சொல்லித் தருபவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் முழுப் பொருளாக விற்பது ஒரு வியாபாரமாகவே நடக்கிறது. இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் அறிக்கையை நிமிடத்தில் எழுதித் தந்துவிடுகிறது. கடைக்குப் போகும் அலைச்சல்கூட இல்லை.

முதல் தலைமுறையாகப் படிக்கும் பையனை மட்டும் இதற்குக் குற்றம் சொல்ல முடியாது. வீட்டில் வழிகாட்ட ஆளில்லை. ரயிலிலேயே பாதி நாள் போய்விடும். ஓர் ஆசிரியர் பல குழுக்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது. தப்பாகிவிட்டால் இன்னொரு முறை செய்து பார்க்கக் காசில்லை. கடையில் வாங்கினால் 'அவுட்புட்' நிச்சயம். வசதியுள்ள வீட்டுப் பையன் தோற்றுப் பார்க்கலாம். இல்லாத வீட்டுப் பையனுக்குத் தோற்றுப் பார்க்கவும் வழியில்லை.

ஆனால் விலை கொடுத்து வாங்கியதில் அவன் இழப்பது என்ன என்று யோசிக்க வேண்டும். ஒரு சிக்கலைத் தானே கண்டுபிடிப்பது, அதை அளப்பது, நாலு வழிகளில் ஒன்றைத் தேர்ந்து ஏன் அதைத் தேர்ந்தேன் என்று சொல்வது, செய்தது ஓடாதபோது எங்கே பிசகியது என்று பார்ப்பது. நான்கு வருடத்தில் இவற்றை ஒருசேரச் செய்ய அவனுக்குக் கிடைக்கும் பெரிய வாய்ப்பு அதுதான். அதையும் விற்றுவிட்டால் மிஞ்சுவது, வேறொருவன் வரைந்ததைத் தூக்கிச் சுமக்கும் வேலை. அந்த வேலையைத்தான் நம் பாட்டன்மார் தங்கவயலில் நூறு வருஷம் செய்தார்கள்.

ஊரே கேட்கும் கேள்விகள்

தலைப்புக்காக யாரும் பெங்களூர்க் கடைக்கு அலைய வேண்டியதில்லை. தங்கவயலே ஒரு வினாத்தாள் மாதிரி விரிந்து கிடக்கிறது.

முதலாவது தூசி. தாதுவைப் பொடித்து, சைனைடில் பொன்னைக் கரைத்தெடுத்த பின் கொட்டிய கழிவு மண், 13 மேடுகளாக, சுமார் 3.3 கோடி டன் அளவில் நிற்கிறது. காற்றடி காலத்தில் அந்த மண் வீட்டுச் சமையலறை வரை வரும். எந்தத் தெருவில், எந்த மாதத்தில், எந்த நேரத்தில் எவ்வளவு தூசி? சில ஆயிரம் ரூபாய்க்குத் தூசி உணரி கிடைக்கிறது. மின்னணுவியல் மாணவர்கள் பத்து வீட்டு மாடியில் அவற்றை வைக்கலாம். கணினி மாணவர்கள் கணக்கை வரைபடமாக்கலாம். கட்டுமானப் பொறியியல் மாணவர்கள் எந்தச் செடி அந்த மண்ணைப் பிடித்து நிறுத்தும் என்று பார்க்கலாம்.

இரண்டாவது நிலம். பம்புகள் நின்ற பின் சுரங்கத்தின் வெற்றிடங்களில் தண்ணீர் ஏறியது. சுரங்கம் மூடிய பிறகும் சிறு நில அதிர்வுகளை ஊரார் உணர்ந்திருக்கிறார்கள். செல்போனிலேயே அதிர்வை அளக்கும் உணரி இருக்கிறது. வீடுகளில் பொருத்தி, சிறு அதிர்வையும் லாரி போகும் ஆட்டத்தையும் பிரித்தறியும் நிரல் எழுதுவது நல்ல கணினிப் பணி. பழைய ஷாப்ட் பக்கம் பிள்ளைகள் தாங்களாகப் போகக் கூடாது. அனுமதியும் ஆசிரியரும் துணையும் இல்லாமல் எந்த அளவையும் வேண்டாம்.

மூன்றாவது மனிதரின் நெஞ்சு. இந்தியாவில் சிலிகோசிஸ் என்னும் பாறைத்தூசி நோய் முதன்முதலில் 1934-ல் தங்கவயலில்தான் பதிவானது. 1940களில் 7,653 தொழிலாளர்களைச் சோதித்ததில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோரிடம் அந்த நோய் இருந்தது. வயதான தொழிலாளி வீட்டிலேயே மூச்சின் அளவைப் பார்க்க மலிவான ஒரு கருவி, அதைத் தமிழிலும் கன்னடத்திலும் படித்துச் சொல்லும் ஒரு செயலி. தாத்தாவுக்குப் பயன்படும் பிராஜெக்டை எந்தப் பேத்தியும் கடையில் வாங்க மாட்டாள்.

நான்காவதும் அவசரமானதுமான ஒன்று. அந்தக் கழிவு மேடுகளில் எஞ்சிய பொன்னை மறுபடி எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024-ல் இசைவு தந்தது. அப்படியானால் தங்கவயலில் இன்னொரு பெரிய வரைபடம் விரிக்கப்படப் போகிறது. தண்ணீர் எங்கிருந்து, தூசிக்கு என்ன ஏற்பாடு, மிஞ்சும் மண் எங்கே போகும் என்ற கேள்விகளை அந்த மேஜையில் உட்கார்ந்து கேட்க ஊர்ப் பிள்ளைகளுக்குத் தகுதி வேண்டும். 1902-ல் கம்பம் நட மட்டும் நம்மைக் கூப்பிட்டார்கள். இந்த முறை கணக்குப் போடும் இடத்திலும் நாம் இருக்க வேண்டும் என்றால், கல்லூரியில் போடும் கணக்கு நிஜமானதாக இருந்தாக வேண்டும்.

சங்கங்கள் செய்யக்கூடியது

வெளிமாநிலத் தமிழ்க் குடும்பங்களில் இன்று என்ஜினீயர்களுக்குப் பஞ்சமில்லை. பெங்களூரிலும் மும்பையிலும் தில்லியிலும் பெரிய நிறுவனங்களில் மூத்த பொறுப்பில் இருப்பவர்களில் தங்கவயல் லைன் வீட்டில் பிறந்தவர்களும் உண்டு. ஆண்டுதோறும் நம் சங்கங்கள் பத்தாவது, பன்னிரண்டாவதில் முதல் மார்க் வாங்கியவர்களுக்குப் பரிசு கொடுக்கிறோம். அதோடு ஒரு பரிசைச் சேர்த்துக்கொள்ளலாம். தன் ஊரின் ஒரு சிக்கலை எடுத்துத் தானே செய்த பிராஜெக்டுக்கு ஒரு பரிசு. அது முழுதாக ஓடியிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. ஏன் ஓடவில்லை என்று சரியாகச் சொல்லத் தெரிந்தால் போதும்.

காசைவிட ஆள் தேவை. மாதம் ஓர் ஞாயிற்றுக்கிழமை ஒரு குழுவோடு உட்கார்ந்து, "இதை ஏன் இப்படிப் பண்ணீங்க?" என்று கேட்கும் ஓர் அண்ணன், ஓர் அக்கா. வேலை கொடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் நேர்முகத்தில் பிராஜெக்டைப் பற்றி இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்டாலே, கடைச் சரக்குக்கு மதிப்பு குறைந்துவிடும். பெற்றோரும் மார்க்கைக் கேட்குமுன், "என்னப்பா செஞ்சிருக்கே, எனக்குக் காட்டு" என்று கேட்கலாம். நமக்குப் புரியுமோ என்று தயங்க வேண்டாம். படிக்காத அப்பாவுக்குப் புரியும்படி சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு எந்தத் தேர்வாளரிடமும் பயமிருக்காது.

தங்கவயலின் தங்கத்தைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. சுமார் 800 டன் என்று கணக்குச் சொல்வார்கள். அதில் நம்மவர் வீட்டுக்கு வந்தது எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த ஊரில் இன்னும் எடுக்கப்படாமல் இருப்பது, மூன்று நான்கு தலைமுறையாகக் கையில் சேர்ந்த வேலை அறிவு. அது பேரன் பேத்திகளின் வரைபடத்தில் ஏற வேண்டும். வருகிற கல்வியாண்டில் நம் குடும்பங்களில் கடைசி வருடம் போகும் பிள்ளைகள் யார் யார் என்று சங்கங்கள் இப்போதே ஒரு பட்டியல் எடுத்தால், வேலையை அங்கிருந்தே தொடங்கலாம்.